முதலை வெறும் வாயோடு வந்த ஒன்பது இடங்கள்

நான் வேலை பார்த்த கடலாய்வு அலுவலகத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மேனகா போனில் கேட்டாள். நான் ஓய்வு பெற்ற வருஷம் வேலைக்குச் சேர்ந்த பெண்; இப்போது அங்கே விஞ்ஞானி. "ரெண்டு பக்கம் போதும் சார். இனிமையான நினைவுகளா இருக்கட்டும். மறைந்த ஞானசேகரன் சாருக்கு அஞ்சலியா இந்த மலரைக் கொண்டு வாராங்க. அதனால குறை எதுவும் வராமப் பாத்துக்கிடச் சொல்லுதாங்க" என்றாள். இனிப்புதான் வேண்டும் என்றால் உடன்குடிக்குப் போய் ஒரு சிப்பம் கருப்பட்டி வாங்கி அனுப்புகிறேன், என்னை விட்டுவிடு தாயே என்றேன். சிரித்தாள். விடவில்லை.

சரி, எழுதுகிறேன். ஆனால் மலர்க் குழு கேட்டதை எழுதப் போவதில்லை.

போன மாதம் ஒரு கையெழுத்துக்காக அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வாசலில் முதலை நிற்கிறது. கடலடி மண்ணை அள்ளி வரும் இரும்புக் கருவிக்குப் படகில் நாங்கள் வைத்த பெயர் அது. காகிதத்தில் அதற்குக் கிராப் என்று பெயர். இரண்டு கனத்த தாடைகள். திறந்த வாயோடு கயிற்றில் இறங்கும். தரையைத் தொட்டதும் கொக்கி விடுபடும். மேலே இழுக்கும்போது தாடைகள் மூடிக்கொண்டு ஒரு கவளம் மண்ணோடு வரும். அதற்கு இப்போது வெள்ளிப் பெயிண்ட் அடித்து, சிமெண்டு மேடையில் ஏற்றி, சுற்றிலும் குரோட்டன்ஸ் செடி வைத்திருக்கிறார்கள். வருகிற பிள்ளைகள் விரலை விட்டுவிடக் கூடாதாம், வாயை வெல்டிங் வைத்து மூடிவிட்டார்கள். என் இடது கை மோதிர விரல் நகம் அந்த வாய்க்குள் போனது. அதற்காகக்கூட நான் அதன் மேல் கோபப்பட்டதில்லை. வெல்டிங்கைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது.

உள்ளே மேனகா புதுக் கருவியின் படங்களைக் காட்டினாள். ஒலியை விசிறி மாதிரி விரித்துக் கடலுக்குள் அனுப்புகிறார்கள். திரும்பி வருகிற ஒலியை வைத்துத் தரையின் மேடு பள்ளம், வழவழப்பு, சொரசொரப்பு எல்லாம் திரையில் தெரிகிறது. மணலில் அலை போட்ட வரிகூடத் தெரிகிறது. பிரமாதம் என்றேன், மனசாரத்தான் சொன்னேன். "அங்கங்க ஒலி திரும்பி வராத இடம் கொஞ்சம் இருக்கும் சார். அத மென்பொருளே அக்கம்பக்கத்த வச்சு நிரப்பிரும்" என்றாள் சந்தோஷமாக. நான் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அந்த 'நிரப்பிரும்' காதை விட்டுப் போகவில்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

என் பெயர் சுடலைமுத்து. பாபநாசத்துக்குக் கீழே, ஆற்றங்கரை ஊர். அப்பா வயல் வேலைக்குப் போனவர். ஆற்றில் நீந்திப் பழகிய திமிரில் கடலும் கொஞ்சம் அகலமான ஆறுதானே என்று நினைத்திருந்தேன். களப்பணி உதவியாளராகச் சேர்ந்த முதல் நாளே கடல் எனக்குப் பதில் சொல்லிவிட்டது. காலையில் தின்ற இட்லி மட்டுமல்ல, முந்தின நாள் தின்றதும் வெளியே வந்தது. முப்பத்து மூன்று வருஷம் படகு ஏறியும் அந்த வாந்தி என்னை விட்டுப் போகவில்லை. ஏறுவதற்கு முன் ஒரு எலுமிச்சம்பழத்தை மடியில் கட்டிக்கொள்வேன், வாந்தி எடுப்பேன், வாயைத் துடைத்துவிட்டுக் கயிற்றைப் பிடிப்பேன்.

கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "கடலுக்கு அடியில கெடக்க மண்ண எடுத்து என்னவே செய்யுதீரு?" அலை எங்கே உடையும், கரை எங்கே அரிக்கும், நங்கூரம் எங்கே பிடிக்கும், வலை எங்கே கிழியும், மீன் எங்கே ஒதுங்கும், எல்லாம் அந்தத் தரை மணலா சேறா பாறையா என்பதில்தான் இருக்கிறது என்று சொல்வேன். "ஓஹோ" என்று பாயசத்துக்குப் போய்விடுவார்கள்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் ஞானசேகரன் சார். எங்கள் பிரிவுக்குத் தலைவர், வெளியூர்க்காரர். பாலீஷ் போட்ட ஷூ இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. படகு ஏறத் தண்ணீருக்குள் இறங்கும்போது ஷூவைக் கழற்றி, கயிற்றை முடிந்து, கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொள்வார். படகில் ஏறியதும் காலைத் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொள்வார். பென்சிலை ஒரு நூலில் கட்டிச் சட்டைப் பொத்தானில் தொங்கவிட்டிருப்பார். குரலை உயர்த்தவே மாட்டார். கோபம் ஏற ஏற அவருக்கு மரியாதை கூடும். சாதாரண நாளில் நான் 'தம்பி'. கொஞ்சம் கோபம் என்றால் 'சுடலைமுத்து'. அடுப்பு முழுசாக எரிகிறது என்றால் 'மிஸ்டர் சுடலைமுத்து'. அந்த மிஸ்டரைக் கேட்டால் ஆய்வுக்கூடத்தில் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நின்றுபோகும்.

ஆய்வுக்கூடம் திருநெல்வேலியில் ஒரு வாடகைக் கட்டடத்தின் பின்கட்டில் இருந்தது. கடலிலிருந்து வந்த மண்ணை முதலில் உப்புப் போகக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் விட்டால் பால் மாதிரி வெளுக்கும். வெளுத்தால் உப்பு இருக்கிறது, திரும்பக் கழுவு. ஐந்தாவது தடவை கழுவினால் பெரும்பாலும் தெளியும். ஆறாவது தடவையும் கழுவச் சொல்வார். பிறகு உலர்த்தும் பெட்டியில் வைத்து ஈரத்தைப் போக்கி, குவியலாகக் கொட்டி, தட்டையாக்கி, கத்தியால் நான்காகப் பிரித்து, எதிரெதிர் பங்கை மட்டும் எடுக்க வேண்டும். கை நிறைய அள்ளினால் பெரிய மணிகள்தான் கையில் வரும், அது மோசடி என்பார். எடுத்ததை ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கிய சல்லடைகளில் போட்டுக் கால்மணி நேரம் குலுக்கி, ஒவ்வொரு சல்லடையிலும் நின்றதைத் தூரிகையால் தட்டி எடுத்து நிறுக்க வேண்டும். எல்லாம் கூட்டினால் முதலில் நிறுத்த நிறை வர வேண்டும். வராவிட்டால் சல்லடைக் கம்பியில் இன்னும் மணல் ஒளிந்திருக்கிறது, தேடு.

படகிலோ இத்தனைக்கும் நேரம் கிடையாது. அங்கே ஒரு சிட்டிகை மண்ணை முன்பல்லுக்கு இடையில் வைத்துக் கடிக்கச் சொல்லிக் கொடுத்தார். நறநறத்தால் வண்டல், வெண்ணெய் மாதிரி வழுக்கினால் களி. பாலீஷ் ஷூ போட்ட மனிதர் எனக்கு முன்னால் கடலடிச் சேற்றைக் கடித்துக் காட்டினார். அன்றைக்கே எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

கடைசியாகக் கற்றுக்கொடுத்தது குறிப்பேடு. பென்சிலால்தான் எழுத வேண்டும், மை தண்ணீரில் கரையும். பைக்குள் ஒரு லேபிள், வெளியே ஒரு லேபிள். லேபிள் இல்லாத மண் வெறும் மண், மாதிரி ஆகாது. அப்புறம் ஒரு வாக்கியம். என் முப்பத்து மூன்று வருஷமும் அதன் மேல்தான் நிற்கிறது. "வந்ததை எழுதுங்க தம்பி. வந்திருக்க வேண்டியதை எழுதாதீங்க."

முதலை சில நேரம் வெறும் வாயோடு வரும். தாடைக்கு நடுவில் ஒரு கல் மாட்டிக்கொண்டால் வாய் மூடாது, அள்ளிய மண்ணெல்லாம் வழியிலேயே கழுவிப் போய்விடும். தரையே பாறை என்றால் அள்ளுவதற்கு ஒன்றுமே இருக்காது. அப்படி வந்தால் அதே இடத்தில் மூன்று தடவை இறக்க வேண்டும் என்பது விதி. மூன்றும் வெறுமையாக வந்தால் குறிப்பேட்டில் ஒரு சின்னக் கோடு போட்டுவிட்டு, மாதிரி எடுக்கக் குறித்த அடுத்த புள்ளிக்குப் போகலாம்.

அந்தக் கோட்டில்தான் நான் தவறு செய்தேன். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, வருஷக்கணக்கில். அலுவலகத்துக்குத் திரும்பியதும் குறிப்பேட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. கோடு போட்ட வரி வந்தால் தாண்டிப் போய்விடுவேன். மண் இல்லை, நிறை இல்லை, எதை ஏற்றுவது? எல்லாரும் அப்படித்தான் செய்தோம், யாரும் தப்பென்று சொல்லவில்லை. நான் தாண்டிய இடத்தைக் கம்ப்யூட்டர் பக்கத்துப் புள்ளிகளை வைத்து நிரப்பிக்கொள்ளும். படத்தில் ஓட்டை இல்லாமல் அழகாக வரும்.

இனி அந்தத் தவறு வெளிப்பட்ட கதை. கடற்கரையில் ஓரிடத்தில் படகுகள் வந்துபோகும் வாய்க்காலை ஆழப்படுத்தப் போகிறார்கள். தோண்டி எடுக்கிற சேற்றைக் கடலில் எங்கே கொட்டலாம் என்று எங்களைக் கேட்டார்கள். வெறும் மணல் தரையாகப் பார்த்து ஒரு கட்டம் குறித்துக் கொடுக்க வேண்டும். உவரியிலிருந்து சேவியர் அண்ணாச்சியின் படகை அமர்த்திக்கொண்டு நாலு வாரம் கடலில் கிடந்தோம். அண்ணாச்சிக்கு அப்போதே அறுபது வயது நெருங்கும். படகைத் தட்டிக்கொடுத்து ஓட்டுவார். நான் வாந்தி எடுக்கும்போதெல்லாம் "மாதாவே, இந்த ஆத்துக்காரன எதுக்கு இங்கன அனுப்புன?" என்று வானத்தைப் பார்த்துக் கேட்பார்.

படம் வந்தது. மணலுக்கு மஞ்சள், சேற்றுக்குப் பழுப்பு. நடுவில் நல்ல மஞ்சளில் சிவப்புக் கட்டம்: சேறு கொட்டும் இடம். எனக்கு ஒரே பெருமை. ஒரு பிரதியைச் சுருட்டிக்கொண்டு உவரிக்குப் போய், மணலில் விரித்து, நாலு மூலையிலும் சிப்பி வைத்து அண்ணாச்சிக்குக் காட்டினேன். குனிந்து பார்த்தார். கரையை விரலால் தொட்டார், அங்கிருந்து விரலை நகர்த்திக்கொண்டே போனார். சிவப்புக் கட்டத்தில் விரல் நின்றது.

"இங்கன எங்க பாரு கெடக்கணுமே. எங்கவே போச்சு?"

பார் என்றால் கடலுக்குள் கிடக்கும் பாறைத் தரை. அதில்தான் சிங்கி இறாலும் கணவாயும் பாறை மீனும் ஒதுங்கும். அவர் தெருவில் ஏழெட்டுக் குடும்பங்களுக்கு மழைக்காலத்து அடுப்பு எரிந்தது அந்தப் பாரை நம்பி.

"மணல்னுதான் வந்திருக்கு அண்ணாச்சி" என்றேன்.

"யாரு சொன்னா?"

"கம்ப்யூட்டர்."

"அது என்னைக்குவே கடலுக்கு வந்துச்சு?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். பிறகு சிவப்புக் கட்டம் எதற்கு என்று சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

"சேத்தக் கொண்டாந்து பாரு மேல கொட்டப் போறானுவளா?"

மறுநாள் அலுவலகத்தில் குறிப்பேட்டை எடுத்தேன். என் கையெழுத்து. அந்தக் கட்டத்துக்குள் வரிசையாக ஒன்பது கோடுகள். முதலை ஒன்பது இடத்திலும் மூன்று மூன்று தடவை இறங்கி வெறும் வாயோடு வந்திருக்கிறது. அந்தப் பாறை இருபத்தேழு தடவை என்னிடம் 'இங்கே இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டு, அதையும் ஏற்றாமல் தாண்டிப் போனவன் நான்தான்.

சாரிடம் போனேன். குறிப்பேட்டையும் படத்தையும் பக்கத்தில் வைத்தேன். ஆழம் பார்க்கும் கருவி தீய்த்து வரைந்த காகிதச் சுருளையும் விரித்தேன். அந்த இடத்தில் கோடு ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கியிருந்தது. கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அன்னைக்குக் காத்து. படகு ஆடியிருக்கு. அதான் கோடும் ஆடியிருக்கு தம்பி."

"மத்த இடத்துல ஆடலயே சார்?"

"சுடலைமுத்து, மாதிரி இல்லாத இடத்தைப் பத்தி நாம ஒண்ணும் சொல்ல முடியாது."

"சொல்லியிருக்கோமே சார். மணல்னு சொல்லியிருக்கோம்."

படம் மேலிடத்துக்குப் போய்விட்டது, பாராட்டும் வந்துவிட்டது, வேலை தொடங்க நாள் குறித்தாகிவிட்டது. மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். குறித்த எல்லாப் புள்ளிகளிலும் உரிய முறையில் மாதிரி எடுக்கப்பட்டுப் படத்தில் சேர்க்கப்பட்டது என்று அதில் தட்டச்சு செய்திருந்தது. களத்தில் குறிப்பேடு எழுதியவன் கையெழுத்துப் போட வேண்டும். எப்போதும் வரும் தாள்தான். முன்னெல்லாம் நான் படிக்காமலே போட்ட கையெழுத்து.

"இதுல போட மாட்டேன் சார்."

"மிஸ்டர் சுடலைமுத்து."

ஆய்வுக்கூடத்தில் குழாயை யாரோ மூடினார்கள்.

"வந்ததை எழுதுன்னு சொன்னது நீங்கதான் சார். ஒம்போது இடத்துல ஒண்ணும் வரல. அதுவும் வந்ததுதான்."

என் குரல் நடுங்கவில்லை. அதில் இன்றைக்கும் எனக்குத் திருப்தி.

சாயங்காலமே மெமோ வந்தது. மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படியவில்லை, விளக்கம் தேவை. மறுநாளிலிருந்து படகு கிடையாது. பீக்கர் கழுவும் தொட்டி முன்னால் நிற்க வைத்தார்கள். கழுவினேன். யாருக்கும் குறை சொல்ல இடம் கொடுக்காமல் ஆறு தடவை கழுவினேன். வீட்டில் என் மனைவி செல்லம்மா மெமோவைப் படித்துவிட்டு அடுக்களைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஊரு ஒலகத்துல எல்லாரும் கையெழுத்துப் போடுதாவ. நீங்க மட்டும் என்னத்துக்கு இப்படி செய்யுதிய? ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கோம்" என்றாள். அவள் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. போட்டுவிட்டால் என்ன என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் சேவியர் அண்ணாச்சி மணலைத் தட்டிக்கொண்டே நின்றது கண் முன்னால் வந்து வந்து போனது.

இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு உவரிக்குப் போனேன். புள்ளிகளின் அட்சரேகை, தீர்க்கரேகை அளவை ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். முதலை அலுவலகச் சொத்து, கிடைக்காது. அண்ணாச்சி தன் ஈயக்குண்டை எடுத்துக் காட்டினார். அடியில் ஒரு குழி. அதில் துணி துவைக்கும் பார் சோப்பை வெட்டி, கட்டைவிரலால் அமுக்கி வைத்தார். தரை மணல் என்றால் சோப்பில் மணி ஒட்டி வரும். சேறு என்றால் பூசி வரும். பாறை என்றால் ஒன்றும் ஒட்டாது, அடிபட்ட தழும்பு மட்டும் இருக்கும். அவர்கள் தலைமுறையாகச் செய்கிற காரியம்தான். நாங்கள் நாலு வாரம் அவர் படகில் இருந்தோம், ஒரு நாளும் அவரிடம் கேட்கவில்லை.

ஆனால் அவர் உடனே படகைத் தள்ளவில்லை.

"ஒரு காரியம் இருக்குவே. அந்த எடத்த நான் என் ஜிபிஎஸ் கருவியிலகூடப் பதிஞ்சு வைக்கல. கோயில் கோபுரத்தையும் ஒத்தப் பனையையும் நேர்ல வச்சுத்தான் போவேன். எங்க அப்பன் எனக்குச் சொன்னது, எங்க தெருவத் தாண்டி எவனுக்கும் தெரியாது. நீரு படத்துல போட்டா எல்லாப் பயலுக்கும் தெரிஞ்சிரும்."

என் மெமோவை விட அவருக்குப் போவது பெரிது.

ஈயக்குண்டைத் தூக்கிப் படகில் வைத்தார். "மூடிப் போட்டா எவனுக்கும் இல்ல. காட்டுனா எல்லாருக்கும் உண்டு. சரி, ஏறும். எலுமிச்சம்பழம் கொண்டாந்தீரா?"

முதலில் மணல் என்று நிச்சயமாகத் தெரிந்த மூன்று இடத்தில் குண்டை இறக்கச் சொன்னேன். "தெரிஞ்ச எடத்துல எதுக்குவே?" என்றார். ஒப்பிட ஒன்று வேண்டும், இல்லையென்றால் சார் முதல் கேள்வியிலேயே என்னை மடக்கிவிடுவார் என்றேன். மூன்றிலும் சோப்பு முழுக்கப் பொன்னிற மணல் அப்பிக்கொண்டு வந்தது. பிறகு பாருக்கு மேலே போனோம். பத்துப் பாகம் ஆழம், சுமார் அறுபது அடி. குண்டு தரையில் விழுந்தபோது கயிறு வழியாக என் உள்ளங்கையில் 'டக்' என்று தட்டியது. மணலில் அந்தத் தட்டு வரவே இல்லை. மேலே இழுத்தால் சோப்பு வெள்ளையாக இருந்தது, நடுவில் நசுங்கிய தழும்பு. இரண்டாவதிலும் அப்படியே. நாலாவதில் சிவப்பாக ஏதோ உரசிய கீறல், பாறையில் வளரும் கடல் விசிறியாக இருக்கும். ஒவ்வொரு சோப்புத் துண்டையும் பெயர்த்துப் பையில் போட்டு, பென்சிலால் லேபிள் எழுதி, உள்ளே ஒன்று வெளியே ஒன்று வைத்தேன். அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். "சோப்புக்குப் பேரு வைக்க ஆளு இப்பத்தான்வே பாக்கேன்!"

ஒன்பதாவது இடத்தில் குண்டை ஏற்றும்போது வயிறு புரட்டியது. எட்டு இடம் தாக்குப் பிடித்தவன் ஒன்பதில் விழுந்தேன். படகின் ஓரத்தில் தொங்கி எல்லாவற்றையும் கக்கிவிட்டுத் திரும்பினபோது அண்ணாச்சி சோப்பைப் பெயர்த்துப் பையில் போட்டு முடிச்சும் போட்டிருந்தார். லேபிள் வைக்க மறந்துபோனேன்.

மறுநாள் காலை சார் மேசையில் பன்னிரண்டு பைகளையும் வரிசையாக வைத்தேன். மெமோவுக்கு விளக்கம் இதுதான் சார் என்றேன். என்ன என்று கேட்கவில்லை. வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று கொண்டுவரச் சொன்னார். மூன்று மணல் சோப்பையும் முதலில் பார்த்தார். தலையை லேசாக ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு அர்த்தம் எனக்குத் தெரியும்: ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கிறான். பிறகு ஒவ்வொன்றாகத் தட்டில் வைத்து, உருப்பெருக்கியைக் கண்ணோடு ஒட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லேபிளைப் படித்தார், குறிப்பேட்டில் அந்த எண்ணைத் தேடினார், அடுத்ததை எடுத்தார். மாதிரிகளைப் பார்க்கும்போது எப்படிப் பார்ப்பாரோ அப்படியே பார்த்தார். சோப்பு என்பதற்காக ஒரு நிமிஷம்கூடக் குறைக்கவில்லை.

ஒன்பதாவது பையை எடுத்தார். புரட்டினார். என்னைப் பார்த்தார்.

"லேபிள் எங்கே?"

"வாந்தி வந்துட்டு சார். மறந்துட்டேன். ஆனா அது ஒம்போதாவதுதான், சத்தியமா."

"லேபிள் இல்லைன்னா மாதிரி இல்லை" என்று அதைத் தனியாக நகர்த்திவிட்டார்.

எனக்கு அவரை அந்த இடத்திலேயே உலுக்க வேண்டும் போல இருந்தது. ஒரு தெருவின் பிழைப்பு மேசையில் கிடக்கிறது, இவர் லேபிள் கேட்கிறார்! அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சட்டைப் பொத்தானில் தொங்கிய பென்சிலைச் சீவினார். குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்து, என் கோடுகளுக்குப் பக்கத்தில், ஒவ்வொன்றாக எட்டுத் தடவை எழுதினார்: கடினத் தரை, ஈயக்குண்டுச் சோதனை. ஒவ்வொன்றுக்கும் கீழே தன் சுருக்கொப்பம். பிறகு ஒரு தாளை எடுத்து மேலிடத்துக்கு எழுதினார். படம் பிழையானது, திரும்பப் பெறுகிறோம், பொறுப்பு என்னுடையது என்று எழுதினார். என் பெயரை எழுதவில்லை. நான் தாண்டிய கோடுகளையும் அவர் தன் மேலேயே போட்டுக்கொண்டார்.

"ஒம்போதாவது சார்?"

"அது கோடாவே இருக்கட்டும் தம்பி. ஆனா இனிமே படத்துலயும் கோடாவே இருக்கும்."

தம்பி என்றார். அங்கேயே அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"மெமோ மெமோதான்" என்றார் உடனே. "அனுமதி இல்லாம கடலுக்குப் போனதுக்கு இன்னொண்ணும் வரும்." வந்தது. இரண்டும் என் பணிப் பதிவேட்டில் ஓய்வு பெறும் நாள் வரை இருந்தன. நடுவில் ஒரு முறை, மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் நீக்கிவிடலாம் என்றார்கள். மாட்டேன் என்றேன். இரண்டு பிரதியையும் லேமினேட் செய்து வீட்டில் வைத்திருக்கிறேன். கல்யாணப் போட்டோ பக்கத்தில் மாட்டக் கூடாது என்று செல்லம்மா சொல்லிவிட்டதால் பீரோவுக்குள் இருக்கிறது.

திருத்திய படம் வந்தது. மஞ்சள் நடுவே கருஞ்சாம்பல் நிறத்தில் பார். அதன் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைச் சதுரம், நிறம் எதுவும் இல்லாமல். மேலிடத்திலிருந்து வந்தவர் அச்சுப் பிழையா என்று கேட்டார். "இல்லை. அங்கே என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாது" என்றார் சார், ஷூ பளபளக்க நின்றுகொண்டு. எங்கள் அலுவலகம் அதுவரை போட்ட படம் எதிலும் தெரியாது என்று சொன்னதே இல்லை. அதன் பிறகு கோடு போட்ட வரி எதையும் நாங்கள் தாண்டவில்லை. சேறு கொட்டும் கட்டத்தை நிஜமான மணலுக்கு மாற்றினார்கள். சேவியர் அண்ணாச்சிக்குப் படத்தைக் காட்டினேன். வெகு நேரம் பார்த்துவிட்டு, "பாரு இருக்கு. நல்லா இருக்கு. இத ஊருக்குள்ள மட்டும் விரிச்சுக் காட்டிராதேயும்" என்று தானே சுருட்டி என் கையில் கொடுத்தார்.

மலர்க் குழுவுக்குச் சொல்ல வேண்டியது இதுதான். ஞானசேகரன் சாருக்குக் குறை வரக் கூடாது என்கிறீர்கள். அவர் தவறு செய்தார். நானும் செய்தேன், அவரை விட அதிக வருஷம் செய்தேன். ஆனால் தன் கையால் எழுதித் தன் படத்தைத் திரும்பப் பெற்றவர் அவர். அதை மறைத்துவிட்டு நேரம் தவறாதவர், பண்பாளர், ஷூவுக்குப் பாலீஷ் போட்டவர் என்று நிரப்பினால், பாறை இருந்த இடத்தில் மஞ்சள் அடிக்கிற வேலைதான் அது. அதை அவர் பெயரில் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

மேனகா, இதை வெளியிட முடியாது என்று குழு சொன்னால் சண்டை போடாதே, உனக்கு வேலை இருக்கிறது. இனிமையாக ஒரு கட்டுரை எழுதித் தரச் சொல்லாதே, தர மாட்டேன். எனக்கு ஒதுக்கிய இரண்டு பக்கத்தையும் வெள்ளையாகவே விடச் சொல். மேலே என் பெயர் இருக்கட்டும், கீழே பக்க எண் இருக்கட்டும். அக்கம்பக்கத்துக் கட்டுரைகளை இழுத்து அதை நிரப்பிவிட வேண்டாம்.